ஜெர்மன் சண்டை விமானியின் போர்க்கால வாழ்க்கை: ஓர் எளிய விளக்கம்

இரண்டாம் உலகப் போரின் வான்சண்டைகளைப் பற்றிப் புதிதாகப் படிக்கத் தொடங்கும் எவரும் சில எண்களைக் கண்டு திகைப்பது வழக்கம். எதிரி விமானங்களை அதிகமாக வீழ்த்தியவர்களின் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் எரிக் ஹார்ட்மன் என்ற ஜெர்மன் விமானியின் கணக்கில் 352 விமானங்கள் உள்ளன. அவருக்கு அடுத்து கெர்ஹார்ட் பார்க்கோர்ன் 301, குந்தர் ரால் 275 என்று அந்த வரிசை நீள்கிறது. எதிர்த்தரப்பில் அமெரிக்காவின் முதல்வரான ரிச்சர்ட் பாங் வீழ்த்தியவை 40; சோவியத் ஒன்றியத்தின் இவான் கொசெதூப் அறுபதுக்குச் சற்று மேல். நூறு விமானங்களுக்கு மேல் வீழ்த்தியதாகப் பதிவான விமானிகள் ஜெர்மனியில் மட்டும் நூறு பேருக்கு மேல் இருந்தனர். வேறு எந்த நாட்டிலும் ஒருவர்கூட இல்லை.

இந்த வேறுபாட்டைப் பார்த்தவுடன் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வாசகர்கள் விரைந்து சென்றுவிடுகிறார்கள். ஜெர்மானியர்கள் பிறவியிலேயே தேர்ந்த போர்வீரர்கள் என்பது ஒன்று. அந்த எண்கள் யாவும் பொய் என்பது மற்றொன்று. இரண்டுமே சரியல்ல. அந்த எண்களை உண்டாக்கியது ஜெர்மன் விமானப்படை தன் விமானிகளின் பணிவாழ்க்கையை அமைத்திருந்த முறை. அந்த முறையில் ஒரு விமானிக்குத் தொடக்கம் உண்டு, பதவி உயர்வு உண்டு, பதக்கம் உண்டு. ஆனால் பணி முடிந்து வீடு திரும்பும் நாள் என்று ஒன்று வகுக்கப்படவே இல்லை. ஒரு சிலரை முந்நூறு வரை கொண்டு சென்ற அதே ஏற்பாடுதான் ஆயிரக்கணக்கான மற்றவர்களைச் சாகக் கொடுத்து, இறுதியில் அந்த விமானப்படையையே உள்ளிருந்து அரித்தது. இதைப் புரிந்துகொள்ள குந்தர் ராலின் வாழ்க்கையைப் பின்தொடர்வது நல்ல வழி. முதலிடத்தில் இருப்பவர் ஹார்ட்மனே என்றாலும், போரின் முதல் கோடையிலிருந்து கடைசி மாதம் வரை ஏறக்குறைய எல்லாக் கட்டங்களையும் தன் உடம்பில் தாங்கியவர் ரால் என்பதால் அவரையே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி விமானப்படை வைத்திருக்கக் கூடாது என்று 1919ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கை தடை விதித்தது. அந்தத் தடைக்குள்ளேயே பறக்கும் ஆர்வம் வளர்க்கப்பட்டது. வாசர்குப்பே மலைச்சரிவில் இளைஞர்கள் எஞ்சின் இல்லாத மிதவை விமானங்களில் பழகினார்கள். சோவியத் ஒன்றியத்தின் லிபெட்ஸ்க் நகரில் 1933 வரை ஜெர்மன் இராணுவம் இரகசியமாக ஒரு விமானப் பள்ளியை நடத்தியது. பின்னாளில் எந்த மக்களின் மேல் குண்டு வீசப்பட்டதோ, அதே மக்களின் மண்ணில்தான் அந்தப் பயிற்சியின் ஒரு பகுதி நடந்தது. ஹிட்லர் ஆட்சியைப் பிடித்தபின், 1935 மார்ச்சில், லுஃப்ட்வாஃபே என்ற பெயரில் ஜெர்மன் விமானப்படை இருப்பது உலகுக்கு வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. அதன் தலைமைத் தளபதி ஹெர்மன் கோரிங் முதல் உலகப் போரில் 22 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குள்ள சண்டை விமானி. தனிமனித வீரத்தை எண்ணிக்கையால் அளக்கும் வழக்கம் புதிய படைக்குள் மேலிருந்தே இறங்கி வந்தது என்பதை இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ரால் 1918 மார்ச் 10 அன்று பாடன் பகுதியின் காகெனாவ் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1936-இல் தரைப்படையில் அதிகாரிப் பயிற்சிக்குச் சேர்ந்து, 1938-இல் விமானப்படைக்கு மாறினார். அந்நாளில் ஒரு சண்டை விமானியை உருவாக்கும் பயிற்சி அவசரமில்லாமல் நடந்தது. முதலில் படைவீரனுக்குரிய அடிப்படைப் பயிற்சி; பிறகு சிறிய இரட்டைச் சிறகு விமானங்களில் தொடக்கப் பறப்பு; அதன்பின் வரைபடம் பார்த்து நெடுந்தொலைவு பறத்தல், தலைகீழாகவும் சுழன்றும் பறக்கும் வித்தைகள்; அதில் தேறியவர்களுக்குச் சண்டை விமானிகளுக்கான தனிப்பள்ளி. கடைசியாக, போர்முனைப் படையணிகளோடு இணைந்த பயிற்சிப் பிரிவொன்றில், சண்டையைக் கண்ட விமானிகளே புதியவர்களுக்குப் பாடம் எடுத்தார்கள். இவையெல்லாம் முடிந்து ஒருவர் போர்முனைக்கு வரும்போது 200 மணி நேரத்துக்கும் மேல் பறந்திருப்பார். இந்த 200 என்ற எண்ணை நினைவில் கொள்ளுங்கள். போரின் போக்கு முழுவதையும் அது சொல்லும்.

பயிற்சியின் கடினமான பகுதி எதிரியைச் சுடுவது அல்ல, ஜெர்மனியின் முக்கியச் சண்டை விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109-ஐத் தரையிலிருந்து எழுப்பித் திரும்ப இறக்குவதுதான். அந்த விமானத்தின் இரண்டு சக்கரக் கால்களும் இறக்கைகளில் அல்லாமல் உடற்பகுதியோடு பொருத்தப்பட்டிருந்ததால், சக்கரங்களுக்கு இடையிலான அகலம் மிகக் குறைவு. முன்பகுதி நிமிர்ந்து நிற்பதால் தரையில் ஓடும்போது விமானிக்கு நேர் எதிரே எதுவும் தெரியாது. எஞ்சினை வேகமாக முடுக்கினால் அதன் சுழல்விசை விமானத்தை ஒரு பக்கமாக இழுத்துக் கவிழ்த்துவிடும். எதிரியின் முகத்தைப் பார்க்காமலேயே ஓடுதளத்தில் உயிரிழந்த இளைஞர்கள் ஏராளம். அவர்கள் எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

படையணியின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏறக்குறைய பன்னிரண்டு விமானங்கள் கொண்டது ஸ்டாஃபெல். மூன்று ஸ்டாஃபெல்கள் சேர்ந்தால் க்ரூப்பே. மூன்று க்ரூப்பேக்கள் சேர்ந்தால் கெஷ்வாடர் என்ற பெரும் படையணி. ரால் சேர்ந்த 52ஆம் சண்டைக் கெஷ்வாடர்தான் ஹார்ட்மன், பார்க்கோர்ன் ஆகியோரும் பணியாற்றிய இடம். பட்டியலின் முதல் மூவரும் ஒரே அணியைச் சேர்ந்தவர்கள்.

ஆனால் வானத்தில் உண்மையான அலகு இவை எதுவும் அல்ல. அங்கே இருந்தது ரோட்டே என்ற இருவர் அணி. முன்னவர் தாக்குவார், பின்னவர் சுமார் 200 மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் பறந்து முன்னவரின் முதுகைக் காப்பார். இத்தகைய இரண்டு இணைகள் சேர்ந்தது ஷ்வார்ம் என்ற நால்வர் அணி. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிராங்கோவுக்கு ஆதரவாக ஹிட்லர் அனுப்பிய கோண்டோர் படையில் பறந்த வெர்னர் மோல்டர்ஸ் முதலியோர் இந்த அணிவகுப்பைச் செம்மைப்படுத்தினார்கள். அதே காலத்தில் பிரிட்டிஷ் விமானிகள் மூவர் மூவராக நெருங்கிப் பறந்தார்கள். பக்கத்து விமானத்தோடு மோதாமல் இருப்பதிலேயே அவர்களின் கவனம் போய்விடும். விரிந்து பறந்த ஜெர்மன் நால்வருக்கோ நாற்புறமும் பார்க்க நேரம் இருந்தது. பின்னாளில் பிரிட்டனும் அமெரிக்காவும் இதே முறைக்கு மாறின.

பின்னால் வருபவர் என்ற இந்தப் பணி புதியவர்களுக்கு உரியது. அதில் எதையும் வீழ்த்தி எண்ணிக்கை சேர்ப்பது அரிது. உயிரோடு திரும்புவதும் முன்னவரை உயிரோடு திரும்ப வைப்பதும்தான் கடமை. 1942 இலையுதிர் காலத்தில் காக்கசஸ் பகுதிக்கு வந்த இருபது வயது ஹார்ட்மன் தன் முதல் பறப்பிலேயே இந்தக் கடமையை மறந்தார். எதிரியைக் கண்டதும் தன் முன்னவரான எட்முண்ட் ரோஸ்மனை விட்டுவிட்டு முன்னே பாய்ந்து சுட்டு, குறி தவறி, பிறகு ரோஸ்மனின் விமானத்தையே எதிரி என்று எண்ணித் தப்பியோடி, எரிபொருள் தீர்ந்து வெட்டவெளியில் விமானத்தை வயிற்றால் இறக்கினார். அதற்குத் தண்டனையாக மூன்று நாட்கள் தரைப்பணியாளர்களோடு வேலை செய்ய வைக்கப்பட்டார். பின்னாளில் உலகிலேயே அதிக எண்ணிக்கை பெற்றவர், தொடக்கத்தில் ஒரு அனுபவசாலியின் பொறுமையால் காப்பாற்றப்பட்டவர் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அப்படிப் பொறுத்துக் கற்றுக்கொடுக்க அனுபவசாலிகள் மிஞ்சியிருந்த காலம் அது.

ரால் தன் முதல் விமானத்தை 1940 மே மாதம் பிரெஞ்சு வானில் வீழ்த்தினார். அது பிரான்ஸ் அமெரிக்காவிடம் வாங்கியிருந்த கர்ட்டிஸ் விமானம். இரண்டே மாதங்களில், இருபத்திரண்டு வயதில், அவர் ஒரு ஸ்டாஃபெலின் தலைவர் ஆனார். கேட்பதற்கு விரைவான உயர்வு போலத் தோன்றும், காரணம் வேறு. அவருடைய க்ரூப்பே ஆங்கிலக் கால்வாயின் மேல் குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகப் பறக்க அனுப்பப்பட்டது. மெல்லப் பறக்கும் அந்த விமானங்களோடு ஒட்டியே செல்ல வேண்டும் என்ற கட்டளையால் சண்டை விமானங்கள் தம் வேகத்தையும் உயரத்தையும் இழந்தன. ஜூலை இறுதியில் சில நாட்களுக்குள் க்ரூப்பேயின் தளபதியும் ஸ்டாஃபெல் தலைவர்களும் அடுத்தடுத்து வீழ்ந்தார்கள். மிஞ்சிய இளைஞர்களில் ஒருவரான ரால் காலியான இடத்தில் அமர்த்தப்பட்டார். ஜெர்மன் சண்டை விமானியின் பதவி உயர்வு போர்க்காலம் முழுவதும் பெரும்பாலும் இப்படித்தான் நடந்தது. தலைவர் என்பவர் மேசைக்குப் பின்னால் இருப்பவர் அல்லர்; அணியின் முன்னால் பறப்பவர். எனவே தலைவர்கள் விரைவாகச் செத்தார்கள், இளையவர்கள் விரைவாகத் தலைவர்கள் ஆனார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். யார் எத்தனை வீழ்த்தினார் என்பதை எப்படி நம்புவது? ஜெர்மன் முறை எழுத்தளவில் கடுமையானது. தரையிறங்கிய விமானி ஓர் அறிக்கை எழுத வேண்டும். வீழ்த்திய நேரம், வரைபடக் கட்டத்தின்படி இடம், உயரம், எதிரி விமானத்தின் வகை, எத்தனை குண்டுகள் செலவாயின, எரிந்து விழுந்ததா அல்லது உடைந்து விழுந்ததா என்ற விவரங்களோடு ஒரு சாட்சியும் வேண்டும். உடன் பறந்தவரோ தரையிலிருந்து பார்த்தவரோ சாட்சி சொல்லாவிட்டால் அங்கீகாரம் பெறுவது கடினம். ஒரு விமானம் ஒருவர் கணக்கிலேயே சேரும். பாதிப் பங்கு என்பது கிடையாது. அந்த அறிக்கை மேலே சென்று உறுதியாகித் திரும்ப மாதங்கள் ஆகலாம்.

அப்படியிருந்தும் பிழைகள் ஏராளம் நுழைந்தன. மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் சுழன்றுகொண்டிருப்பவர், புகை கக்கியபடி கீழே பாயும் எதிரியைக் கண்டால் அது முடிந்தது என்றே எண்ணுவார். அந்த விமானம் மேகத்துக்குக் கீழே நிமிர்ந்து வீடு சேர்ந்ததை அவர் அறிய வழியில்லை. இது எல்லா நாட்டவருக்கும் பொது. 1940 செப்டம்பர் 15 அன்று பிரிட்டன் 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக அறிவித்தது. உண்மையில் ஜெர்மனி இழந்தவை ஏறக்குறைய அறுபது. ஆகவே 275 என்பதையும் 352 என்பதையும் அங்கீகரிக்கப்பட்ட கோரிக்கைகள் என்று படிக்க வேண்டுமே தவிர, எண்ணிப் பார்த்த இடிபாடுகள் என்று படிக்கக் கூடாது. ஆனாலும் அந்த எண்களில் எவ்வளவு கழித்தாலும் எதிர்த்தரப்போடு உள்ள இடைவெளி மறையாது. எனவே காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

அந்த இடம் கிழக்குப் போர்முனை. 1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தின் மேல் படையெடுத்தது. முதல் நாளிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோவியத் விமானங்கள், பெரும்பகுதி தரையில் நின்ற நிலையிலேயே, அழிந்தன. எஞ்சியவற்றைப் பறக்க வைத்தவர்கள் பலர் போதிய பயிற்சி இல்லாத இளைஞர்கள். அவர்கள் போர்க்களத்தின் மேலே, தாழ்வான உயரத்தில், பெருந்தொகையாகப் பறந்தார்கள். ஜெர்மன் விமானங்களோ முனைக்கு மிக அருகிலுள்ள புல்வெளிகளிலிருந்தே கிளம்பின. அரைமணி நேரத்தில் எதிரியைச் சந்தித்துத் திரும்பி, எரிபொருள் நிரப்பி, மீண்டும் ஏற முடிந்தது.

அந்த வயல்வெளித் தளங்களில் ஒரு காலை நேரம் எப்படியிருக்கும் என்று பாருங்கள். விமானி இருக்கைப் பட்டைகளை இறுக்கிக்கொண்டிருக்க, கரிய மேலங்கி அணிந்த இரண்டு தரைப்பணியாளர்கள் எஞ்சினின் பக்கவாட்டுத் துளையில் நீண்ட கைப்பிடியைச் செருகி, உள்ளே இருக்கும் கனத்த சக்கரத்தைச் சுற்றத் தொடங்குவார்கள். முதலில் மெல்லவும் பிறகு கிறீச்சிட்டுக்கொண்டு வேகமாகவும் அது சுழலும். போதிய வேகம் வந்ததும் விமானி பிடியை இழுக்க, பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் புகையை உமிழ்ந்து உயிர் பெறும். குளிர்காலத்தில் எஞ்சின் எண்ணெய் கூழாக உறைந்துவிடும் என்பதால் அதில் பெட்ரோலைக் கலந்து இளக்கி வைத்திருப்பார்கள். இப்படி ஒரு நாளில் நான்கு முறை, ஐந்து முறை, சில நாட்களில் அதற்கும் மேல். அந்தப் பணியாளர்களின் விரல்கள் உறைபனியில் வெடித்தன. அவர்கள் இல்லாமல் எந்த நட்சத்திர விமானியின் எண்ணும் இல்லை.

சுடும் கலையிலும் ஒரு விளக்கம் தேவை. 1942 வாக்கில் மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் முன்சுழலியின் நடுவழியே சுடும் 20 மில்லிமீட்டர் பீரங்கிக்கு 200 குண்டுகள்தான் இருந்தன. தொடர்ந்து சுட்டால் ஏறத்தாழ பதினேழு விநாடிகளில் தீர்ந்துவிடும். ஆகவே கலை என்பது சுடாமல் இருப்பதில் இருந்தது. ஹார்ட்மன் எதிரியின் விமானம் முன்கண்ணாடி முழுவதையும் அடைக்கும் வரை நெருங்கிச் சென்று, சில விநாடிகள் மட்டும் சுட்டு விலகுவார். ராலின் வழி வேறு. திரும்பிக்கொண்டிருக்கும் எதிரியின் மேல் குறிவைக்காமல், குண்டு போய்ச்சேரும் நேரத்தில் அந்த விமானம் எங்கே இருக்குமோ அந்த வெறுவெளியில் குறிவைப்பது. தன் வேகம், எதிரியின் வேகம், திரும்பும் கோணம், தொலைவு ஆகிய நான்கையும் ஒரு கணத்தில் கணக்கிட வேண்டும். பெரும்பாலான விமானிகளுக்கு இது கடைசிவரை கைவரவில்லை. ராலை இதில் மிகச் சிறந்தவர் என்று அவருடைய சக விமானிகளே ஒப்புக்கொண்டார்கள்.

1941 நவம்பர் 28 மாலை, ரஸ்தோவ் அருகே, ரால் தன் 36ஆவது விமானத்தை வீழ்த்தினார். மங்கும் ஒளியில் அது எரிந்து விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்த சில விநாடிகளில் மற்றொரு சோவியத் விமானம் அவர் எஞ்சினைச் சுட்டது. தரையிறங்கும் முயற்சியில் விமானம் ஒரு பள்ளத்தாக்கில் மோதியது. ஜெர்மன் டாங்கிப் படையினர் அவரை இடிபாட்டிலிருந்து இழுத்தெடுத்தார்கள். முதுகெலும்பு மூன்று இடங்களில் முறிந்திருந்தது. இனிப் பறக்கவே முடியாது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். வியன்னா மருத்துவமனையில் பல மாதங்கள் கிடந்தார். அங்கே அவருக்குச் சிகிச்சை தந்த மருத்துவர் ஹெர்த்தாவையே பின்னர் மணந்தார். 1942 ஆகஸ்டில் மீண்டும் போர்முனையில் விமானத்தில் ஏறினார்.

இந்த இடத்தில்தான் இரு தரப்பு முறைகளின் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. பிரிட்டிஷ் சண்டை விமானி ஒருவர் சுமார் 200 மணி நேரப் போர்ப்பறப்பை முடித்தால் முனையிலிருந்து விலக்கப்பட்டு, பெரும்பாலும் பயிற்சிப் பள்ளிக்கு ஆசிரியராக அனுப்பப்படுவார். அமெரிக்கரும் அதுபோன்ற வரம்பை வைத்திருந்தனர். ரிச்சர்ட் பாங் 40 விமானங்களை வீழ்த்தியதும், இவரை இழந்துவிடக் கூடாது என்று தாயகம் திருப்பி அனுப்பினார்கள். அவர் பறந்த போர்ப்பறப்புகள் சுமார் 200. ராலின் கணக்கு 621. பார்க்கோர்ன் ஆயிரத்துக்கு மேல். ஹார்ட்மன் ஏறக்குறைய 1,400. ஜெர்மன் விமானிக்கு விடுப்பு உண்டு, காயத்துக்கு மருத்துவமனை உண்டு. மோல்டர்ஸ் நூறாவது விமானத்தை வீழ்த்திய முதல் விமானியானபோது அவரைப் போல ஓரிருவருக்குப் பறக்கத் தடை விதித்துக் காத்ததும் உண்டு. ஆனால் பொதுவிதியாக ஒரு வரம்பு இல்லை. முறிந்த முதுகு ஆறியதும் அவர் திரும்ப வேண்டிய இடம் போர்முனைதான்.

அனுபவம் உள்ளவர் உயிரோடிருக்கும் வாய்ப்பும் வீழ்த்தும் வாய்ப்பும் கூடும் என்பது வான்போரின் பொதுக்கணக்கு. ஆகவே இந்த ஏற்பாடு ஒரு சிறு கூட்டத்தை மேலே மேலே கொண்டு சென்றது. ரால் திரும்பிய சில வாரங்களில், செப்டம்பரில், நைட்ஸ் கிராஸ் என்ற கழுத்துப் பதக்கம். அக்டோபரில் நூறை எட்டியதற்கு அந்தப் பதக்கத்தின் மேல்தரமான ஓக் இலைகள். 1943 செப்டம்பரில் இருநூறுக்காக அதற்கும் மேலான வாள்கள். அந்த ஜூலையில் ஒரு க்ரூப்பேயின் தளபதி ஆகியிருந்தார். நவம்பரில் 250ஐத் தொட்டார். பதக்கத்துக்கான எண்ணிக்கை காலத்துக்குக் காலம் உயர்ந்தது. 1940-இல் இருபது விமானங்களுக்குக் கிடைத்த நைட்ஸ் கிராஸ், பிறகு கிழக்கு முனையில் ஐம்பதுக்கும் எளிதில் கிடைக்கவில்லை. பதக்கம் பெற்றவரின் படம் இதழ்களில் வரும், அஞ்சலட்டையாக விற்கும், ஹிட்லரே நேரில் வழங்குவார். பிரச்சாரத்துக்கு நாயகர்கள் தேவைப்பட்டார்கள். எண்ணிக்கை உள்ள தலைவர்களுக்கு நல்ல தாக்கும் வாய்ப்புகள் அமைந்தன. பின்னால் வருபவர்கள் அவர்களைக் காத்துக்கொண்டே பல சமயம் பெயரில்லாமல் மறைந்தார்கள்.

அந்த விமானிகளின் திறமையை மட்டும் பேசிக்கொண்டே போவது நேர்மையாகாது என்று நான் கருதுகிறேன். அவர்கள் ஹிட்லரின் பெயரால் உறுதிமொழி எடுத்தவர்கள். அவர்கள் வானைத் துடைத்துக் கொடுத்த நிலப்பரப்பின் வழியேதான் தரைப்படை முன்னேறியது. அதன் பின்னாலேயே யூதர்களைக் குழிகளின் விளிம்பில் நிறுத்திச் சுட்ட கொலைப்படைகள் சென்றன. போரின் பிற்பகுதியில் மெஸ்ஸர்ஷ்மிட் விமானங்களின் பாகங்களை ஃப்ளோசன்புர்க், குசென் முதலிய வதைமுகாம்களின் கைதிகள் பட்டினியோடு செய்தார்கள். தனிப்பட்ட முறையில் கொலையில் ஈடுபடாத விமானியும் இந்த இயந்திரத்தின் ஒரு பல்லாகவே இருந்தார். வீழ்ந்த ஒவ்வொரு சோவியத் விமானத்திலும் தன் மண்ணைக் காக்கப் பறந்த ஒருவர் இருந்தார் என்பதையும் அந்த எண்கள் சொல்வதில்லை.

1944 ஏப்ரலில் ரால் தாயகக் காவலுக்கு மாற்றப்பட்டு, 11ஆம் கெஷ்வாடரில் ஒரு க்ரூப்பேயின் தளபதி ஆனார். இது வேறொரு போர். கிழக்கில் எதிரிகள் தாழப் பறந்தார்கள். இங்கே ஏழெட்டுக் கிலோமீட்டர் உயரத்தில், ஒவ்வொன்றிலும் பத்துக்கு மேற்பட்ட இயந்திரத் துப்பாக்கிகளோடு, நூற்றுக்கணக்கான நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள். அவற்றில் ஒன்றை வீழ்த்த 20 மில்லிமீட்டர் குண்டுகள் சராசரியாக இருபது பட வேண்டும். அதனால் இங்கே பதக்கத்துக்கு ஒரு புள்ளி முறை வந்தது: குண்டுவீச்சு விமானத்தை வீழ்த்தினால் மூன்று புள்ளி, அதன் அணியிலிருந்து பிரித்துத் துரத்தினால் இரண்டு, சண்டை விமானத்துக்கு ஒன்று. கனமான ஆயுதங்களைச் சுமந்த ஜெர்மன் விமானங்கள் மந்தமாயின. அதே வேளையில், கூடுதல் எரிபொருள் கலன்களோடு பெர்லின் வரை வந்து திரும்பக்கூடிய அமெரிக்க முஸ்டாங் விமானங்கள் அவற்றை வேட்டையாடத் தொடங்கின.

மே 12 அன்று அமெரிக்கர்கள் செயற்கை எரிபொருள் ஆலைகளைத் தாக்க வந்தார்கள். அவர்களின் காவல் விமானங்களைத் தடுக்க எழும்பிய ராலை அமெரிக்கத் தண்டர்போல்ட் சண்டை விமானங்கள் சூழ்ந்துகொண்டன. ஒரு குண்டு விமானி அறைக்குள் புகுந்து அவருடைய இடது கட்டைவிரலைப் பறித்தது. பாராசூட்டில் குதித்து உயிர் தப்பினார். புண் சீழ்பிடித்து மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். அந்தப் புண்தான் தன்னைக் காப்பாற்றியது என்று எண்ண அவருக்குக் காரணம் இருந்தது, ஏனெனில் அந்தக் கோடையில் பறந்தவர்களில் மிகப் பலர் மிஞ்சவில்லை.

அந்த வசந்தத்திலேயே, சண்டை விமானப் பிரிவின் தலைவரான அடோல்ஃப் கல்லாண்ட், கடந்த நான்கு மாதங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகல்நேரச் சண்டை விமானிகளை இழந்துவிட்டோம் என்று மேலிடத்துக்கு அறிக்கை கொடுத்திருந்தார். இறந்தவர்களில் சிறந்த படைத்தலைவர்கள் பலர். இங்குதான் தொடக்கத்தில் சொன்ன 200 மணி நேரத்துக்குத் திரும்ப வேண்டும். இழப்பை ஈடுகட்ட ஆட்கள் அவசரமாகத் தேவைப்பட்டதால் பயிற்சி வெட்டப்பட்டது. 1944 நடுப்பகுதிக்குப் பின் புதிய விமானி ஏறத்தாழ 110 மணி நேரம் பறந்துவிட்டுப் போருக்கு வந்தார். எதிரே வந்த அமெரிக்கர் முந்நூறு மணி நேரத்துக்கும் மேல் பறந்தவர். கருவிகளை மட்டும் பார்த்து மேகத்துக்குள் பறக்கும் பயிற்சி பலருக்கு இல்லை. எதிரியே இல்லாத மோசமான வானிலையிலும் அவர்கள் மலைகளில் மோதிச் செத்தார்கள். கற்றுக்கொடுக்க வேண்டிய அனுபவசாலிகளோ முனையிலேயே வைக்கப்பட்டிருந்தார்கள், அல்லது அங்கேயே இறந்திருந்தார்கள். மே மாதத்திலிருந்து எரிபொருள் ஆலைகள் தொடர்ந்து தாக்கப்பட்டதால், விமான எரிபொருள் உற்பத்தி செப்டம்பருக்குள் ஏப்ரல் அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது. தொழிற்சாலைகள் புதிய விமானங்களை அனுப்பிக்கொண்டே இருந்தன. அவற்றில் பயிற்சி கொடுக்க எரிபொருள் இல்லை. 1945 புத்தாண்டு நாளில் நேச நாட்டு விமானத் தளங்களின் மேல் நடத்திய பெருந்தாக்குதலில் ஜெர்மனி இருநூறுக்கும் மேற்பட்ட விமானிகளை ஒரே காலையில் இழந்தது. எதிர்த்தரப்பு இழந்தவை பெரும்பாலும் தரையில் நின்ற விமானங்கள். அவற்றைச் சில வாரங்களில் ஈடுசெய்துவிட்டார்கள்.

நட்சத்திரங்களின் முடிவும் பலவிதம். மோல்டர்ஸ் 1941-இல் பயணியாகச் சென்ற விமானம் விபத்துக்குள்ளாகி இறந்தார். பெரும்பாலும் ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் 158 விமானங்களை வீழ்த்திய ஹன்ஸ்-யோவாகிம் மார்சே, 1942-இல் எஞ்சின் பழுதாகிப் புகை சூழ்ந்த விமானத்திலிருந்து குதித்தபோது தன் விமானத்தின் வாலிலேயே மோதி, இருபத்திரண்டு வயதில் மறைந்தார். 267 விமானங்களை வீழ்த்திய ஓட்டோ கிட்டல் போர் முடிய மூன்று மாதங்கள் இருக்கும்போது கொல்லப்பட்டார். அமெரிக்கரிடம் சரணடைந்த ஹார்ட்மன் சோவியத்திடம் ஒப்படைக்கப்பட்டு 1955 வரை சிறையில் இருந்தார்.

ரால் தன் கடைசி மாதங்களில் படைத்தலைவர்களுக்கான பள்ளியில் பணியாற்றினார். அங்கே கைப்பற்றப்பட்ட முஸ்டாங், தண்டர்போல்ட், ஸ்பிட்ஃபயர் விமானங்களைத் தாமே ஓட்டிப் பார்த்தார். பிறகு எரிபொருளும் ஆட்களும் இல்லாத 300ஆம் கெஷ்வாடரின் தளபதியாகப் போரின் முடிவைக் கண்டு, அமெரிக்கரிடம் கைதியானார். 1956-இல் மேற்கு ஜெர்மனி புதிய விமானப்படையை அமைத்தபோது அதில் சேர்ந்தார். 290க்கும் மேற்பட்ட விமானங்களையும் நூறுக்கும் அதிகமான விமானிகளையும் விபத்துகளில் பலிவாங்கிய ஸ்டார்ஃபைட்டர் என்ற ஜெட் விமானத்தை மேற்கு ஜெர்மனியில் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த திட்டத்தில் பங்கேற்று, 1971 முதல் 1974 வரை அந்தப் படையின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவுக்கு அவர் சென்று வந்தது வெளிப்பட்டுப் பெரும் சர்ச்சையானதால் 1975-இல் பணியிலிருந்து விலக நேர்ந்தது. 2009 அக்டோபரில், 91 வயதில், பவேரியாவின் பாட் ரைஷன்ஹாலில் காலமானார்.